சிவப்புத் துணிக்காரன் வரும்வரை

ஜனவரி 11

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சுகமா இருக்கியா? முழங்கால் வலி தேவலையா? போன வருஷக் கடிதத்தில் வலது கால் மடக்க வரலைன்னு எழுதியிருந்தே. எனக்கு ஒரு குறையும் இல்லை. மூணு வேளையும் சாப்பாடு, நடுவுல தூக்கம்.

வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுறவன் இந்தத் தடவை என்ன அவசரப்பட்டுட்டான்னு நினைப்பே. ஒரு சேதி சொல்லணும்.

நம்ம பச்சை சைக்கிள் இன்னும் என்கிட்டதான் இருக்கு. ரிட்டையர் ஆனதும் பொழுது போகலை. ஆயுசு பூரா ஆஸ்பத்திரி பாய்லரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தவன் வீட்ல எதைப் பார்ப்பான்? என் வீட்டுக்காரியும் போயாச்சு. அதனால சைக்கிளை வெளியே எடுத்து, துருவைச் சுரண்டி, ஒவ்வொரு திருகையும் கழட்டித் துடைச்சுப் பூட்டினேன். ஓடுது அக்கா. மணிகூட அடிக்குது.

இங்கே பழைய சைக்கிள் வெச்சிருக்கிறவங்க ஒரு கூட்டமா இருக்காங்க. வருஷா வருஷம் மே மாசம் மலை ரோட்டில் ரெண்டு நாள் ஓட்டறாங்க. கியர் வண்டிக்கு இடமில்லை, வண்டிக்கு அரை நூற்றாண்டாவது வயசாகியிருக்கணும். போடறதும் பழைய காலத்து உடுப்பு. தொப்பி, கம்பளிக் கோட்டு, கண்ணை மறைக்கிற பெரிய கண்ணாடி. பார்த்தா சிரிப்பே. நானும் பேர் கொடுத்துட்டேன்.

எதுக்கு உனக்கு எழுதுறேன்னா, மலையைத் தாண்டி இறங்குற ரோடு உன் வீட்டு வாசல் வழியாதான் போகுது.

உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி


ஜனவரி 27

ஒல்லிக்கு,

அக்கா எழுதுவது. உயிரோடதான் இருக்கேன். கால் ரெண்டும் இருக்கு, வலியும் கூடவே இருக்கு. நீ நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கே, சந்தோஷம்.

முதல்ல ஒரு திருத்தம். மடக்க வராதது இடது கால். நான் இடதுன்னுதான் எழுதினேன். நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிற அழகு ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து எனக்குத் தெரியும்.

ரெண்டாவது திருத்தம். "நம்ம" பச்சை சைக்கிள்னு எழுதியிருக்கே. அது எப்போ நம்மளது ஆச்சு? ஒரு வருஷம் ஒருநாள்கூட லீவு போடாம நூல் மில்லுல நின்னதுக்கு மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்கிட்ட கொடுத்தது. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். ஹாண்டிலைப் பிடிச்சுக்கிட்டே அழுதேன். நீ மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போறப்போ "மாசக் கடைசியில கொண்டாந்து விட்டுடறேன் அக்கா"ன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போனே. எந்த வருஷத்து மாசக் கடைசின்னு சொல்லலை. அதுக்கப்புறம் மில்லுக்கு நடந்துதான் போனேன். மழையிலும் நடந்தேன். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, துணி மாத்திட்டு ஓடுவேன்.

மூணாவது, உனக்கே தெரிஞ்சது. இருந்தாலும் சொல்றேன். அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்து உட்கார்ந்திருக்கோம். அப்போ நீ வாசல்ல வந்து நின்னே. அம்மா எங்கேன்னு கேட்கலை. நீ எப்படியிருக்கேன்னு என்னைக் கேட்கலை. நீ வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "சாப்பிட ஏதாவது இருக்கா?" கால்சட்டையில முழங்கால் வரைக்கும் சேறு. எங்கே சுத்திட்டு வந்தியோ. அந்த நிமிஷம் சொன்னேன், சாகற வரைக்கும் உன்னோட பேச மாட்டேன்னு. பேசலை. அப்புறம் ஒரு தடவை நீ வந்து கூடத்துல உட்கார்ந்தே, டீ வெச்சேன், சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன், நீ போயிட்டே. பேச மாட்டேன்னுதான் சொன்னேன், எழுத மாட்டேன்னு சொல்லலை. அதான் எழுதுறேன்.

ரோடு சர்க்கார் போட்டது. அதுல யார் வேணும்னாலும் போகலாம், வரலாம். என்னைக் கேட்கணும்னு இல்லை.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இடது கால் இப்போ எப்படி இருக்கு? இந்தத் தடவை சரியாப் படிச்சிருக்கேன்.

நீ எழுதினது ஒவ்வொண்ணும் உண்மை.

தினமும் காலையில ஓட்டிப் பழகறேன். முதல் நாள் தெருமுனைக்குப் போறதுக்குள்ளேயே மூச்சு வாங்கிச்சு. பேப்பர் போடற பொண்ணு என்னைத் தாண்டிப் போயிட்டு, "தாத்தா, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மிதிக்கிறீங்களா?"ன்னு கேட்டுச்சு. இப்போ பரவாயில்லை. போன ஞாயித்துக்கிழமை கூட்டத்தோட மலை அடிவாரம் வரைக்கும் போனோம். மேலே மேகம் இறங்கி மரமெல்லாம் பாதியில அறுத்த மாதிரி நின்னுச்சு. ரோடு மட்டும் வளைஞ்சு வளைஞ்சு அதுக்குள்ள போச்சு. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

உன் வீட்ல இப்போ யார் யார் இருக்காங்க? ராத்திரி துணைக்கு ஆள் இருக்கா? எழுது.

தம்பி


மார்ச் 10

ஒல்லிக்கு,

அக்கா எழுதுவது. இருமல் வந்து போச்சு. இப்போ சுகம். பல்லு எல்லாம் உனக்கு இருக்கா, கொட்டிடுச்சா?

யார் யார் இருக்காங்கன்னு கேட்டிருக்கே. யார் இல்லைன்னு கேளு. பேத்தி வாரம் தவறாம வந்துடறா. வந்தா வீடு ரெண்டுபடும். ஒருத்தி டிவியைப் போடுவா, ஒருத்தி பாட்டைப் போடுவா, மக போன் மேல போன். மாடி, கூடம் எல்லாம் ஆள். எனக்குப் படுக்க ஒரு மூலை கிடைக்காது. தனியா ஒரு டீ குடிக்க மாட்டோமான்னு இருக்கு. உன்னை மாதிரி சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு உட்கார எனக்கு எங்கே நேரம்?

சும்மா ஒண்ணு கேட்கறேன். அந்தக் கூட்டத்துல எத்தனை பேர்? எல்லாரும் தொப்பியும் கண்ணாடியும்னா எவன் எவன்னு எப்படித் தெரியும்? நீ அதே பச்சை வண்டியிலதானே வருவே? இன்னும் ஒல்லியாதானே இருக்கே? நம்ம குடும்பத்துல தொப்பை போட்டவன் கிடையாது. அப்பா கடைசி வரைக்கும் குச்சிதான். எதுக்குக் கேட்கறேன்னா, வாசல்ல நிக்கறப்போ வேற எவனுக்காவது கையைக் காட்டிடக் கூடாது பாரு. கை காட்டுவேன்னும் நான் சொல்லலை.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இருமலுக்கு வெந்நீர் குடி. பல்லு பாதி இருக்கு. வீடு நிறைய ஆள்னு படிச்சதும் மனசு நிறைஞ்சுது.

கூட்டத்துல நாப்பது பேர் இருப்போம். என்னைக் கண்டுபிடிக்கிறது சுலபம். பச்சை சைக்கிள், பின்னாடி கேரியர்ல சிவப்புத் துணி. அந்தத் துணி எதுக்குன்னு சொல்றேன்.

இது பந்தயம் இல்லை. முதல்ல வந்தவனுக்குப் பரிசு கிடையாது. கடைசி ஆள் வந்து சேர்ந்தாதான் கூட்டம் வந்து சேர்ந்ததா அர்த்தம். அதுக்காக ஒருத்தர் எல்லாருக்கும் பின்னாடி வரணும். அவர் வண்டியில சிவப்புத் துணி கட்டியிருக்கும். அவர் யாரையும் முந்தக் கூடாது. முன்னாடி போறவர் நின்னா இவரும் நிக்கணும், அவர் கிளம்பினாதான் கிளம்பணும். தன்னிஷ்டத்துக்கு நிக்கவும் கூடாது. பொறுமையா இருக்கிற ஆளாப் பார்த்துக் கொடுப்பாங்க. பாய்லர் பார்த்தவன்னு சொன்னதும் எனக்குக் கட்டிட்டாங்க.

அதனால உன் வாசல்ல நான் நிக்க முடியாது அக்கா. மெதுவா வருவேன். உன்னைப் பார்த்துக்கிட்டே போவேன். நீ பேச வேண்டாம். வெளியே வந்து நின்னாப் போதும். நிப்பியா?

தம்பி


மே 8

அக்காவுக்கு,

பதில் வரலை. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? தபால் எங்கேயாவது நின்னிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

பதினெட்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை. மத்தியானத்துக்கு முன்னாடி உன் வீட்டுப் பக்கம் வந்துடுவோம்.

தம்பி


மே 19

ஒல்லிக்கு,

உடம்பு எப்படின்னு இன்னைக்கு உன்னைக் கேட்கறதா இல்லை.

நேத்து விடிஞ்சதுலேர்ந்து வாசல்ல இருந்தேன். கேட்டு ஓரமா நிழல் பார்த்து ரெண்டு நாற்காலி போட்டேன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உனக்குன்னு நினைச்சுக்காதே. நீதானே எழுதினே, முன்னாடி போறவன் நின்னா பின்னாடி துணிக்காரன் நின்னே ஆகணும்னு? அதைப் படிச்ச அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உனக்கு முன்னாடி வர்ற ஆளைப் பிடிச்சு உட்கார வெச்சுடறது. நீ வந்து அவன் பின்னாடி நிப்பே, வேற வழியில்லை. உன்னோட நான் பேச மாட்டேன். அந்த ஆளோட பேசுவேன், உன் காதுல விழற மாதிரி. ஜாடை பேசறதுக்கு ஒரு ஆள் வேணும் இல்லையா? மில்லுல ரெண்டு மிஷினுக்கு நடுவுல நின்னுக்கிட்டு சூபர்வைசரையே அப்படித்தான் கிழிச்சிருக்கேன், மிஷினைப் பார்த்து.

வந்தாங்க. கோமாளிக் கூட்டம் மாதிரி கோட்டும் தொப்பியும். ஒருத்தன் மணியடிக்கிறான், ஒருத்தி கையை ஆட்டறா. ஒவ்வொரு வண்டியாப் பார்த்தேன். கருப்பு, சிவப்பு, நீலம். பச்சை இல்லை. எல்லாம் போயிடுச்சு. ரொம்ப நேரம் ரோட்டுல சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெரியவர் கருப்பு வண்டியை உருட்டிக்கிட்டு வந்தார். நல்ல பருமன், வெள்ளைத் தாடி. என்னைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும். துணி இல்லை. சரி, இவர் பின்னாடிதான் நம்ம ஆள் வர்றான்னு குறுக்கே போய் ஹாண்டிலைப் பிடிச்சேன்.

"உட்காருங்க பெரியவரே"ன்னேன்.

மனுஷன் அசையலை. என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கறார்.

"காது கேட்காதா? உட்காருங்க. உங்களைக் கடத்திட்டுப் போகலை. பின்னாடி சிவப்புத் துணி கட்டிக்கிட்டு என் தம்பி வர்றான். நீங்க நின்னாதான் அவன் நிப்பான். அவனோட பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அதனால அவன் வந்ததும் உங்களைத் திட்டுவேன். நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது. எல்லாம் அவனுக்கு."

வாயைத் திறந்தார். என்னமோ சொல்ல வந்தார்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தலையை ஆட்டினாப் போதும்"னுட்டேன்.

உட்கார்ந்தார். டீ கொடுத்தேன், ரொட்டி கொடுத்தேன். டீயைத்தான் குடிச்சார். "சாப்பிடுங்க, மலை ஏறி இறங்கின உடம்பு"ன்னு சொன்னேன், வேண்டாம்னு தலையாட்டினார். கையைக் கட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துல நிக்க வெச்ச பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நீ வரலை. வளைவைப் பார்க்கறேன், இவரைப் பார்க்கறேன். சும்மா எத்தனை நேரம் இருக்கிறது? நீ வந்ததும் என்ன சொல்லணும்னு வரிசையா மனசுல வெச்சிருந்தேன். மறந்துடக் கூடாதேன்னு அவர்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். திட்ட வேண்டியதுலதான் ஆரம்பிச்சேன். எங்கெங்கேயோ போயிடுச்சு. என்ன பேசினேன்னு உனக்கு எழுதப் போறதில்லை. உனக்கு வெச்சிருந்ததை ஊர் பேர் தெரியாத ஒருத்தர் கேட்டுட்டுப் போயிட்டார். அவர் நடுவுல கண்ணாடிக்குள்ள விரலை விட்டுத் துடைச்சுக்கிட்டே இருந்தார். மலைத் தூசி.

அப்புறம் வளைவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தா. கேரியர்ல சிவப்புத் துணி. எங்களைப் பார்த்துட்டு மரத்தடியில காத்துக்கிட்டு இருந்திருக்கா. "போலாமா சார்?"னா. உன்னைப் பத்தி அவகிட்ட நான் கேட்கலை. எதுக்குக் கேட்கணும்? வரேன்னு சொன்னவன் வரலை. இது என்ன புதுசா?

அந்த மனுஷன் எழுந்து, நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அப்புறம் போயிட்டார். வளைவுல திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆளுக்கு இருக்கிற மரியாதை கூட உனக்கு இல்லை.

வெயில் சாயற வரைக்கும் நாற்காலி ரெண்டும் அங்கேயே கிடந்துச்சு. உள்ளே எடுத்துப் போட ஆளில்லை. பேத்தி தூங்கிக்கிட்டு இருந்தா.

இனிமே எழுதவும் மாட்டேன்.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் கோபம் நியாயம்.

முதல் நாளே மேல் ஏத்தத்துல பச்சை சைக்கிளோட பெடல் கட்டையைப் பிடிச்சிருக்கிற ஆணி உடைஞ்சுபோச்சு. அந்த அளவுல ஆணி யார்கிட்டேயும் இல்லை. வண்டியை வேன்ல ஏத்தும்படி ஆயிடுச்சு. வண்டி சரியில்லாதவன் பின்னாடி வரக் கூடாதுன்னு துணியையும் வேற ஆளுக்குக் கட்டிட்டாங்க. உன்னை வெயில்ல காக்க வெச்சது என் தப்புதான்.

எழுத மாட்டேன்னு மட்டும் சொல்லாதே. வேற என்ன வேணும்னாலும் சொல்லு.

இருமல் திரும்ப வந்துடப் போகுது. சமையலறைத் தரையில வெறுமனே படுக்காதே. ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டாதான் தூக்கம் வரும்னா, ஒரு கட்டிலை அங்கேயே இழுத்துப் போட்டுக்கோ. தரைக் குளிர் முதுகில ஏறினா இந்த வயசுல இறங்காது.

தம்பி


ஜூன் 11

ஒல்லிக்கு,

எழுத மாட்டேன்னு சொன்னேன். ஒரே ஒரு கேள்விக்காக எழுதுறேன்.

உனக்கு நான் எழுதின ஒவ்வொரு கடிதமும் எனக்கு மனப்பாடம். எந்தக் கடிதத்துல எந்த வரி எங்கே முடிஞ்சதுன்னு கேளு, சொல்றேன். சமையலறையில படுக்கறேன்னு நான் எதுலயும் எழுதலை. ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம் ஆள் இருக்கிற மாதிரி இருக்குன்னு என் மகளுக்கே தெரியாது. இந்த உலகத்துல ஒரே ஒருத்தர்கிட்டதான் அதைச் சொன்னேன்.

உனக்கு யார் சொன்னது?

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆச்சு. தினம் ஒண்ணு எழுதுவேன், கிழிச்சுப் போட்டுடுவேன்.

யாரும் சொல்லலை. என் காதாலதான் கேட்டேன்.

பச்சை சைக்கிள்தான் வேன்ல போச்சு. நான் போகலை. உபரியா ஒரு கருப்பு வண்டி இருந்தது. அதை வாங்கிக்கிட்டு மெதுவா வந்தேன். நான் ஒல்லி இல்லை அக்கா. ஒல்லியா இருந்ததை நானே மறந்துட்டேன். டாக்டர் கொழுப்பைக் குறைன்னு சொல்லித்தான் சைக்கிளையே வெளியே எடுத்தேன். நீ கேட்டப்போ எழுத வெட்கமா இருந்தது.

நீ ரோட்டுக்குக் குறுக்கே வந்து ஹாண்டிலைப் பிடிச்சே. அக்கான்னு கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ உன் திட்டத்தைச் சொல்லிட்டே. நான் யாருன்னு சொல்லியிருந்தா அந்த நிமிஷமே நீ வாயை மூடியிருப்பே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? நாற்காலியில உட்கார்ந்துட்டேன். உன் குரலைக் கேட்டு எத்தனை காலமாச்சு? கொஞ்சம் கரகரன்னு ஆயிடுச்சு. ஆனா கோபம் வந்தா கடைசி எழுத்தை இழுக்கிறியே, அது அப்படியே இருக்கு. முதல்ல நீ என்னைத் திட்டினப்போ சிரிப்புத்தான் வந்துச்சு. அப்புறம் மக குடும்பத்தோட வெளிநாட்டுக்குப் போயிட்டதைச் சொன்னே. பேத்தி போன்ல பேச ஆரம்பிச்சா அவ பாஷை உனக்குப் புரியலைன்னு சொன்னே. பேச்சுச் சத்தம் கேட்கட்டும்னு அடுத்த அறையில டிவியை ஓட விட்டுடறதைச் சொன்னே. "தம்பிக்கு வீடு நிறைய ஆள்னு எழுதியிருக்கேன் பெரியவரே, அவன் முன்னாடி காட்டிக் கொடுத்துடாதீங்க"ன்னு சொன்னே. நான் தலையை ஆட்டினேன். அந்த வாக்கைத்தான் போன கடிதத்துல மீறிட்டேன். உன் முதுகை நினைச்சுக்கிட்டே எழுதினதுல கை தவறிடுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். இத்தனை வருஷமா சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்.

அம்மாவுக்கு முடியலைன்னு தந்தி வந்தப்போ பஸ் ஓடலை. ஸ்டிரைக். சைக்கிளை எடுத்துக்கிட்டு இந்த மலை ரோட்டுலதான் வந்தேன். மேல் ஏத்தத்துல மிதிக்க முடியலை, இறங்கித் தள்ளினேன். மழை, சேறு. உன் ஊர் எல்லையில டயர் கிழிஞ்சு, வண்டியை ஒரு கடையில போட்டுட்டு நடந்து வந்தேன். வாசல்ல நீங்க உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அம்மா எங்கேன்னு என்னத்தைக் கேட்கறது? முதல் நாள் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. வாயில வந்தது அந்த வார்த்தை.

நான் இறங்காம மிதிச்சிருந்தா அம்மா முகத்தைப் பார்த்திருப்பேனேன்னு இத்தனை காலமும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தக் கூட்டத்துலயே சேர்ந்தேன். மே மாசம் அதே ஏத்தத்துல நாப்பது பேரும் இறங்கினாங்க. இளவட்டங்கள், வருஷா வருஷம் வர்றவங்க, எல்லாரும் தள்ளிக்கிட்டுத்தான் ஏறினாங்க. ஒருத்தராலயும் மிதிக்க முடியலை அக்கா. ரோட்டு ஓரத்துல உட்கார்ந்துட்டேன். மூச்சு வாங்குதுன்னு நினைச்சுத் தண்ணி கொடுத்தாங்க.

உன்னை ஏமாத்தினதுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ரொட்டியைச் சாப்பிடாததுக்குக் கோவிச்சுக்காதே. உன் முன்னாடி சாப்பிட எனக்குத் தைரியம் வரலை.

தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு பரவாயில்லை. கட்டிலைச் சமையலறைக்கு இழுக்கப் பார்த்தேன், கதவுல இடிக்குது. குறுக்கே திருப்பிப் போடணும், அதுக்கு ஒரு ஆள் பத்தாது.

ரெண்டு மாசமா பதில் போடலை. முதல் மாசம் கோபம். திருட்டுப் பய, பெரியவர் வேஷம் போட்டு வீட்டு ரகசியத்தை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டானேன்னு பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினேன். உன்னைப் போய் என்னைவிட மூத்தவர்னு நினைச்சேனே, அந்த அவமானம் தனி. ரெண்டாவது மாசம் வேற மாதிரி ஆயிடுச்சு. அந்தச் சேத்துக் கால்சட்டை கண்ணு முன்னாடியே நின்னுச்சு. எங்கேயோ ஊர் சுத்திட்டு வந்தான்னு இத்தனை வருஷமா எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். சொன்னது சொன்னதுதான், அவங்கள்ல பாதிப் பேர் போயும் சேர்ந்துட்டாங்க. இனி யார்கிட்ட போய் மாத்திச் சொல்றது?

உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுதிடுவேன்னு பார்க்காதே. சைக்கிள் விஷயம் அப்படியேதான் இருக்கு. நீ நேரம் கெட்ட நேரத்துல சோறு கேட்டதும் இருக்கு. ஆனா அன்னைக்கு ரெண்டு வாய் கஞ்சி போட்டிருக்கலாம். அதுவும் இருக்கு.

சத்தியம் என்ன ஆச்சுன்னு நானும் யோசிச்சுப் பார்த்தேன். தெரியாம பேசினது பேசினதுல சேருமா, சேராதா? பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாகிட்ட யாரோ ஒருத்தர் கதை மாதிரி கேட்டேன். "சேராது, சத்தியம் இன்னும் உயிரோடதான் இருக்கு"ன்னு சொல்லிட்டா பாவி. அதனால உன்னோட பேச மாட்டேன்.

நீ வா. வர்றப்போ யாரையாவது கூட்டிக்கிட்டு வா. அந்தத் துணி கட்டின பொண்ணா இருந்தாலும் சரி, வேன் ஓட்டினவனா இருந்தாலும் சரி. நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன், நீ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடு. யாரும் கிடைக்கலைன்னா ஆள் தேடிக்கிட்டு நாளைக் கடத்தாதே. தனியாவே வா. ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசிக்கிறேன், அது எனக்குப் பழக்கம்தான்.

அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அனுப்பு. இந்த மாசம் எடுத்ததா இருக்கணும். இத்தனை காலமும் தினம் தினம் நான் சண்டை போட்டது சின்ன மீசை வெச்ச, கன்னம் ஒட்டின ஒரு பையனோட. உன் முகம் எனக்குத் தெரியலை. தொப்பி, கண்ணாடி எல்லாம் கழட்டிட்டு, நேராப் பார்த்து எடுத்ததா அனுப்பு. நீ வர்றதுக்குள்ள பார்த்துப் பழகிக்கணும்.

அக்கா